தெருவை மறுவடிவமைக்கும்போது அகலத்தை எப்படிப் பங்கிடுவது?

தெருவின் அகலம் கூடப்போவதில்லை. இருபுறச் சுவர்களுக்கும் நடுவே 18 மீட்டர் என்றால், நடப்பவர், சைக்கிளில் போகிறவர், கார், பேருந்து, லாரி, மரம், விளக்குக் கம்பம், குப்பைத்தொட்டி எல்லாம் அந்த 18 மீட்டருக்குள் அடங்கியாக வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் முதல் கோட்டிலேயே தடம் மாறிவிடுகின்றன. நடுவில் வண்டிப்பாதையை வரைந்துவிட்டு, மிச்சம் மீதியை நடைபாதைக்கு ஒதுக்குவார்கள். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு: சுவரிலிருந்து உள்நோக்கி அளந்து வாருங்கள், கடைசியில் மிஞ்சுவது வண்டிக்கு. இதனால் வண்டிகள் முடங்கிவிடும் என்ற பயம் பெரும்பாலும் வீண். ஏன் என்பதை சந்திப்பு பற்றிய பகுதியில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கீழே உள்ளவை இடப்பக்கம் வண்டி ஓட்டும் ஊர்களுக்கு ஏற்ப எழுதப்பட்டவை. வலப்பக்கம் ஓட்டும் இடமென்றால் இடது, வலது இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லோரையும் எண்ணுங்கள்

சாலையின் குறுக்கே ரப்பர் குழாய் போட்டு வண்டிகளை எண்ணுவது சுலபம். அந்தக் குழாய்க்கு நடப்பவர் யாரும் தெரியமாட்டார்கள். எண்ணாதவருக்கு வரைபடத்தில் இடமும் கிடைக்காது. ஒரு வேலைநாள், ஒரு விடுமுறை நாள், காலை 6 முதல் இரவு 10 வரை, 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்று எடுங்கள். தலைப்புகள்: நடப்பவர் (சக்கர நாற்காலி, குழந்தை வண்டி தனியாக), சைக்கிள், டூ-வீலர், கார், பேருந்து, லாரி, கைவண்டி. வண்டிகளை மட்டுமல்ல, அவற்றில் போகும் ஆட்களையும் கணக்கிடுங்கள். ஒரு பேருந்தில் 50 பேர் இருக்கிறார்கள் என்பது, அதை ஒரு வண்டி என்று எழுதினால் காணாமல் போய்விடும்.

இதே காரணத்தால்தான், மூன்று மீட்டர் அகலத்தைக் காருக்குக் கொடுத்தால்தான் அதிகம் பேர் போவார்கள் என்ற பழக்கமான ஊகம் தப்பாகிறது. அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கம் வெளியிட்ட கையேட்டுக் கணக்கில், மூன்று மீட்டர் அகலத்தில் மணிக்குக் கார்கள் கடத்துவது 600 முதல் 1,600 பேர். அதே அகலத்தில் இருவழிச் சைக்கிள் தடம் 7,500 பேரையும், நடைபாதை 9,000 பேரையும் கடத்தும். கூட்டத்தில் யாராவது ‘இடத்தை வீணாக்குகிறீர்கள்’ என்று எழுந்தால் இந்த எண்களை முன்னால் வையுங்கள்.

எண்ணிக்கையோடு இன்னொன்றும் வேண்டும். மக்கள் உண்மையில் எந்த இடத்தில் தெருவைக் கடக்கிறார்கள் என்று ஒரு தாளில் கோடு கோடாக வரையுங்கள். ஸீப்ரா கோடு இருக்கும் இடத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பள்ளி வாசலுக்கும் எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையே 40 கோடுகள் விழுந்தால், கடப்பு அங்கேதான் வர வேண்டும். 120 மீட்டர் தள்ளி அழகாக ஒன்றைக் கட்டி, கம்பி வேலி போட்டு மக்களைத் திருப்பிவிட நினைத்தால், வேலியில் ஓட்டை விழ ஒரு மாதம்கூட ஆகாது.

வேகத்தைக் கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள்

அகலம், பிரிப்பு, கடப்பு எல்லாமே வேகத்தைப் பொறுத்தவை. அதனால் வேகத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். உலர்ந்த சாலை, ஓட்டுநருக்குச் சுதாரிக்க ஒன்றரை வினாடி என்று வைத்தால், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் கார் நிற்க 17, 18 மீட்டர் ஆகும். 50 கி.மீ. வேகத்தில் 35 மீட்டர். அதாவது 30-இல் வந்தவர் முழுதாக நின்றுவிட்ட இடத்தில், 50-இல் வருபவர் இன்னும் பிரேக்கை மிதிக்கவே இல்லை.

தெருவில் வீடு, கடை, பள்ளி இருந்தால் 30. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-இலேயே முதன்மைச் சாலைகள் தவிர ஊர் முழுக்க 30 கி.மீ. கொண்டுவந்தது. பலகை மட்டும் வைத்தால் போதாது. அகலமான நேர்ச்சாலையில் ‘30’ என்ற பலகை வெறும் அலங்காரம்தான். தடத்தைக் குறுக்குவது, 60 முதல் 80 மீட்டருக்கு ஒரு மேடைக் கடப்பு (சாலையை மேடைபோல் உயர்த்திக் கட்டிய கடப்பு), நேர்க்கோட்டை உடைக்கும் சிறு வளைவு ஆகியவைதான் வேகத்தைக் கட்டுப்படுத்தும். மாற்றம் பலித்ததா என்று பார்க்க சராசரி வேகத்தை அளக்காதீர்கள். நூறு வண்டிகளில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்று பாருங்கள். சராசரி நல்லவர்களின் வேகத்தைக் காட்டும், விபத்து நடப்பது மீதிப் பேரால்.

வேகம் முடிவானதும் சைக்கிளுக்குத் தனித் தடம் வேண்டுமா என்பதும் தெளிவாகிவிடும். வேகம் 30-க்குள், நாளுக்குச் சுமார் 2,000 முதல் 2,500 வண்டிகள் வரை என்றால் சைக்கிளும் வண்டியும் கலந்தே போகலாம். நாளுக்கு நாலைந்தாயிரத்தைத் தாண்டினால், அல்லது வேகம் 50 என்றால், கல் வைத்துப் பிரிக்க வேண்டும், பெயின்ட் கோடு போதாது. நடுவில் உள்ள தெருக்களில் வேகத்தைக் குறைப்பதா, வண்டிகளை வேறு வழிக்குத் திருப்புவதா, தடம் கட்டுவதா என்று தேர்ந்தெடுக்கலாம். மூன்றில் எதையும் செய்யாமல் விடுவதுதான் தப்பு.

கலந்து போகும் தெருவில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு தடத்தின் அகலம் 3.2 முதல் 3.9 மீட்டர் வரை இருப்பதுதான் ஆகக் கெட்டது. முந்த இடம் இருப்பதுபோல் கார்க்காரருக்குத் தோன்றும், ஆனால் இருக்காது. மூன்று மீட்டர் என்றால் சைக்கிள் நடுவில் போகும், கார் பொறுத்திருந்து முந்தும்.

18 மீட்டர்: ஒரு பங்கீடு

இருவழித் தெரு, ஒருபுறம் மட்டும் பார்க்கிங், இரு பக்கமும் சைக்கிள் தடம் என்று எடுத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாக:

– நடைபாதை 2.3 மீ.
– சைக்கிள் தடம் 1.9 மீ.
– கார்க்கதவு திறக்கும் இடைவெளி 0.8 மீ.
– பார்க்கிங், மரம், சரக்கு இறக்கும் பட்டை 2.2 மீ.
– வண்டித் தடம் 3.0 மீ.
– வண்டித் தடம் 3.0 மீ.
– பிரிப்புத் திட்டு 0.6 மீ.
– சைக்கிள் தடம் 1.9 மீ.
– நடைபாதை 2.3 மீ.

கூட்டினால் சரியாக 18.0. இதில் எந்த எண்ணை எவ்வளவு அசைக்கலாம் என்பதுதான் முக்கியம்.

நடைபாதையின் 2.3-இல் சுவரை ஒட்டிய அரை மீட்டரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடைப்படி, திறந்த கதவு, நின்று பொருள் பார்ப்பவர் எல்லாம் அதை எடுத்துக்கொள்வார்கள். மீதி 1.8 மீட்டர்தான் நடக்க. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க அது வேண்டும், அதனால் அதைத் தொடக் கூடாது. கம்பம், மின்பெட்டி, குப்பைத்தொட்டி, பலகை ஒன்றுகூட அந்த 1.8-க்குள் வரக் கூடாது. எல்லாம் மரம் நிற்கும் பட்டையிலோ பிரிப்புத் திட்டிலோதான். தலைக்கு மேல் 2.2 மீட்டர் திறந்திருக்க வேண்டும். தாழ்ந்த கிளையும் கடைப் பலகையும் பார்வையற்றவரின் கைத்தடிக்கு அகப்படாது, முகத்தில்தான் இடிக்கும். கடைத்தெருவென்றால் 1.8 போதாது, 2.5-ஆவது வையுங்கள்.

பார்க்கிங்குக்கும் சைக்கிள் தடத்துக்கும் நடுவே உள்ள 0.8-ஐ ‘வீண் இடம்’ என்று யாராவது வெட்டப் பார்ப்பார்கள். திறந்த கார்க்கதவு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும். அந்த இடைவெளி இல்லையென்றால் சைக்கிள்காரர் கதவில் மோதுவார், அல்லது கதவுக்குப் பயந்து நடைபாதைப் பக்கம் ஒதுங்குவார். பார்க்கிங்குக்கு வெளியே, ஓடும் வண்டிக்கும் கதவுக்கும் நடுவே சைக்கிளுக்கு ஒரு பெயின்ட் கோடு போடும் பழைய வழக்கத்தை அடியோடு விட்டுவிடலாம்.

சைக்கிள் தடத்தின் அகலம் காகிதத்தில் ஒன்று, ஓட்டும்போது ஒன்று. 150 மி.மீ. வரை உயரமுள்ள நேர்க்குத்தான கல் பக்கத்தில் இருந்தால் மிதிக்கட்டை இடிக்குமென்று 20 செ.மீ. ஒதுங்கித்தான் ஓட்டுவார்கள். சுவரோ வேலியோ இருந்தால் அரை மீட்டர் போய்விடும். அதனால் தடத்தின் ஓரக் கல்லை 45 பாகைச் சாய்வாகச் செதுக்கி வையுங்கள். 1.9 என்பது அப்போதுதான் உண்மையிலேயே 1.9. ஒருவரை ஒருவர் முந்த 2.0-க்கு மேல் நல்லது. ஒரே பக்கத்தில் இருவழித் தடம் போட்டால் 3.0-க்குக் குறையக் கூடாது. ஆனால் இருவழித் தடத்தைக் குறுக்குத் தெருக்கள் நிறைய உள்ள இடத்தில் போடாதீர்கள். சந்திலிருந்து வெளியேறும் கார்க்காரர் வண்டி வரும் பக்கத்தைத்தான் பார்ப்பார். எதிர்த்திசைச் சைக்கிள் அவர் கண்ணிலேயே படாது.

நடைபாதைக்கும் சைக்கிள் தடத்துக்கும் ஒரே மட்டம் வைத்து நிறம் மட்டும் மாற்றுவது படத்தில் அழகாக இருக்கும். பார்வையற்றவருக்கு நிறம் உதவாது. 60 மி.மீ. மட்ட வித்தியாசம் இருந்தால் கைத்தடியாலும் காலாலும் உணர முடியும்.

பேருந்து அடிக்கடி ஓடும் தெருவில் மூன்று மீட்டர் தடம் இறுக்கம். பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்தால் பேருந்தே ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலம். அங்கே தடத்துக்கு 3.25 கொடுங்கள். அதற்கான அரை மீட்டரை நடைபாதையில் கிள்ளாமல், பார்க்கிங்கை எடுத்துவிட்டு 2.2 மீட்டர் பட்டையை மரம் மட்டும் நிற்கும் 1.7 மீட்டர் பட்டையாக்குங்கள். பொதுவாகவே இடம் போதாதபோது விட்டுக்கொடுக்கும் வரிசை இதுதான்: முதலில் பார்க்கிங், அடுத்து வண்டித் தடத்தின் அகலம், அடுத்து வண்டித் தடங்களின் எண்ணிக்கை. நடைபாதை இந்த வரிசையிலேயே இல்லை.

தெரு 12 மீட்டர்தான் என்றால் தனிச் சைக்கிள் தடத்துக்கு ஆசைப்படாதீர்கள். இருபுறமும் 2.5 மீட்டர் நடைபாதை, ஒருபுறம் 2.0 மீட்டர் மரமும் பார்க்கிங்கும் மாறி மாறி, நடுவே 5.0 மீட்டர் வண்டிப்பாதை, வேகம் 30. இரு கார்கள் மெதுவாக ஒதுங்கிப் போகும், லாரி வந்தால் கார் ஒரு நொடி நிற்கும். அப்படி நிற்க வைப்பதற்காகவே குறுக்கியிருக்கிறோம்.

சந்திப்பில்தான் எல்லாம் இருக்கிறது

சிக்னல் உள்ள ஒரு தெருவின் கொள்ளளவைத் தீர்மானிப்பது இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட பகுதி இல்லை, சந்திப்பு. பச்சை விளக்கில் ஒரு தடம் மணிக்குச் சுமார் 1,800 கார் என்ற வேகத்தில் காலியாகும். சிக்னலின் ஒரு முழுச் சுற்று 90 வினாடி, அதில் உங்கள் பக்கத்துக்குப் பச்சை 36 வினாடி என்றால் உண்மையில் கடப்பது 1,800-இல் 40 சதவீதம், அதாவது 720. நிறுத்தக் கோட்டில் இரண்டு தடம் இருந்தால் 1,440. இப்போது இடைப்பகுதியைப் பாருங்கள். அங்கே சிக்னல் இல்லாததால் ஒற்றைத் தடமே 1,800-ஐ நெருங்கும். ஆக இடைப்பகுதியில் இரண்டு தடங்களை ஒன்றாக்கி, சந்திப்புக்கு அருகில் மட்டும் இரண்டாக விரித்தால் வண்டிகளுக்குப் பெரிதாக எதுவும் குறையாது.

இதில் நடக்கும் தவறு விரிப்பின் நீளத்தில். 36 வினாடிப் பச்சையில் ஒரு தடத்தில் 18 கார் போகும், காருக்கு ஆறு மீட்டர் என்றால் 108 மீட்டர். முப்பது மீட்டருக்கு மட்டும் விரித்துவிட்டு, ‘தடம் குறைத்ததால் நெரிசல்’ என்று திட்டத்தையே குற்றம் சொல்வது வழக்கம். ஐந்து கார் போனதும் இரண்டாவது தடம் காலியாகிவிடும், மீதிப் பச்சை வீணாகும்.

நடுத்திட்டு இல்லாத நான்கு தடச் சாலையை, பக்கத்துக்கு ஒன்றும் நடுவில் திரும்புவதற்கு ஒன்றுமாக மூன்று தடமாக்குவது இன்னொரு வழி. நாளுக்கு 20,000 வண்டிகள் வரை உள்ள சாலைகள் இதற்கு ஏற்றவை என்பது அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்தின் நிலைப்பாடு. விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் குறைந்ததாகவும் அது சொல்கிறது. திரும்ப நிற்கும் வண்டிக்குப் பின்னால் மற்றவை நிற்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். மிஞ்சும் ஒரு தடத்தில் இரு சைக்கிள் தடங்கள் வந்துவிடும்.

‘வண்டியெல்லாம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும்’ என்ற கவலையில் பாதி உண்மை உண்டு. சாலை இடம் குறைக்கப்பட்ட 70 இடங்களை 11 நாடுகளில் பார்த்து 2002-இல் வெளியான ஆய்வில், சுற்றுத் தெருக்களையும் சேர்த்துப் பார்த்தாலே போக்குவரத்து நடுமதிப்பில் சுமார் 11 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் அது மொத்தக் கணக்கு. ஒரு குறிப்பிட்ட சந்து பாதிக்கப்படலாம். அதனால் பக்கத்துச் சந்துகளிலும் முன்கூட்டியே எண்ணி வையுங்கள், குறுக்குவழியாக ஓடினால் நடுவில் தடுப்புக் கம்பம் வைத்து, சைக்கிளும் நடப்பவரும் மட்டும் கடக்கும்படி செய்யுங்கள்.

இனி மூலைகள். மூலையின் வளைவு ஆரம் 15 மீட்டர் என்றால் கார் ஏறத்தாழ 24 கி.மீ. வேகத்தில் திரும்பும். ஐந்து மீட்டர் என்றால் 14. வளைவு பெரிதானால் கடக்கும் தூரமும் கூடும், ஓட்டுநர் கண்ணும் நடப்பவரிடமிருந்து விலகும். மூன்று முதல் ஐந்து மீட்டர் போதும். தீயணைப்பு வண்டியும் குப்பை லாரியும் திரும்ப வேண்டுமே என்றால், அவை எதிர்த்தடத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு திரும்பலாம். அல்லது மூலையில் 30 முதல் 50 மி.மீ. உயரத்தில் சொரசொரப்பான கல்தளம் பதியுங்கள். லாரிச் சக்கரம் ஏறும், கார் ஏறத் தயங்கும். எப்போதோ வரும் பெரிய வண்டிக்காக, நாள் முழுக்க வரும் சின்ன வண்டிகளுக்கு மூலையை அகலமாக்கித் தராதீர்கள்.

சிக்னலுக்கு நிற்காமல் இடது திரும்ப விடும் ஃப்ரீ லெஃப்ட்டை எடுத்துவிடுங்கள். சிக்னலே இல்லாமல் எப்போதும் வண்டி வந்துகொண்டே இருக்கும் தடத்தில் முதியவர் எப்போது இறங்குவது? எடுத்த இடத்தைக் காத்திருக்கும் திட்டாக்கினால் கடப்பின் நீளமும் குறையும்.

சைக்கிளுக்குச் சந்திப்பின் பெரிய ஆபத்து, இடது திரும்பும் லாரி நேராகப் போகும் சைக்கிளை நசுக்குவது. டச்சு முறையில் இதற்குத் தீர்வு இருக்கிறது. சைக்கிள் தடத்தை மூலையில் ஐந்து மீட்டர், அதாவது ஒரு கார் நீளம், உள்தள்ளி மூலைத் திட்டு ஒன்றை வையுங்கள். திரும்பும் வண்டி பாதி திரும்பி முடித்த பிறகே சைக்கிள் தடத்தைச் சந்திக்கும். அப்போது வண்டி ஓட்டுநரின் ஜன்னலுக்கு நேரே சைக்கிள் தெரியும், கண்ணாடியின் குருட்டு மூலையில் மறையாது. வண்டி நின்றாலும் பின்னால் நேராகப் போகிறவர்களை மறிக்காது.

மூலையிலிருந்து ஆறு மீட்டருக்குள் பார்க்கிங் கூடாது. வெறும் கோடு போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள், அந்த இடத்தில் நடைபாதையை நீட்டிவிடுங்கள், அல்லது சைக்கிள் நிறுத்தக் கம்பி வையுங்கள். நின்ற வேனுக்குப் பின்னாலிருந்து வெளிப்படும் குழந்தையை எந்த ஓட்டுநராலும் பார்க்க முடியாது. நியூஜெர்சியின் ஹோபோகன் நகரம் மூலைகளை இப்படித் திறந்து வைப்பதை விடாமல் செய்தது. 2017 ஜனவரிக்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கே சாலை மரணமே இல்லை.

சிக்னல் நேரமும் கடப்புகளும்

நடப்பவரின் வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். 14 மீட்டர் சாலையைக் கடக்க 12 வினாடி. முதியவருக்கு 0.9 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 16 வினாடி. மருத்துவமனை, கோவில், பள்ளி அருகே இரண்டாவது எண்ணையே எடுங்கள். வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்கு மூன்று முதல் ஏழு வினாடி முன்பே நடப்பவருக்குப் பச்சை கொடுங்கள். அவர் பாதித் தடத்தைத் தாண்டியிருப்பார், திரும்பும் வண்டிக்குக் கண்ணில் படுவார். இதற்குச் செலவே இல்லை, கட்டுப்பாட்டுப் பெட்டியில் எண்ணை மாற்றினால் போதும்.

சுற்று 60 முதல் 90 வினாடிக்குள் இருக்கட்டும். 150, 180 வினாடிச் சுற்றில் நடப்பவர் காத்திருக்கமாட்டார். முப்பது வினாடியைத் தாண்டினாலே பொறுமை போய், இடைவெளி பார்த்து ஓடத் தொடங்குவார்கள். இதை ஒழுங்கீனம் என்று சொல்லிப் பயனில்லை, நேரத்தைக் குறையுங்கள்.

மேடைக் கடப்புகளால் வேகத்தைக் கட்டுப்படுத்தாத தெருவில் கடப்புகளுக்கு இடையே 80 முதல் 100 மீட்டர் போதும். நடுத்திட்டு வைத்தால் இரண்டு மீட்டர் ஆழம் வேண்டும். சைக்கிளின் நீளம் 1.8 மீட்டர், ஒரு மீட்டர்த் திட்டில் அதன் பின்சக்கரம் சாலையிலேயே நிற்கும். மேடைக் கடப்பின் உயரம் 75 முதல் 100 மி.மீ., ஏறும் சாய்வு பேருந்துத் தெருவில் 1:20, மற்றதில் 1:10 முதல் 1:15. நடைபாதைக்கும் மேடைக்கும் ஒரே மட்டம் இருந்தால் சக்கர நாற்காலிக்கு இறக்கமே தேவையில்லை. ஆனால் அங்கே பார்வையற்றவருக்குச் சாலையின் தொடக்கம் தெரியாது. எனவே காலுக்குத் தட்டுப்படும் புடைத்த புள்ளிகள் உள்ள புள்ளி ஓடு இரண்டு வரிசை, 600 மி.மீ. அகலம், விளிம்பிலிருந்து 300 மி.மீ. உள்ளே. கோடு ஓடு வழிகாட்டும், புள்ளி ஓடு எச்சரிக்கும். இரண்டையும் மாற்றிப் பதிப்பதும், கோடு ஓட்டை நேராகக் கம்பத்தில் கொண்டுபோய் முட்டவைப்பதும் மேஸ்திரிகள் செய்யும் வழக்கமான தவறு. ஓடு பதிக்கும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள்.

நடைமேம்பாலம் பற்றி ஒரு வார்த்தை. அடியில் 5.5 மீட்டர் விட்டு, தளத்தின் கனத்தையும் சேர்த்தால் ஏறவேண்டியது ஆறு மீட்டர். 150 மி.மீ. படி என்றால் 40 படி, மறுபக்கம் இன்னொரு 40. 1:12 சாய்தளம் என்றால் 72 மீட்டர், இடைத்தளங்கள் வேறு. ஆறு மீட்டர்ச் சாலையைக் கடக்க ஒருவர் இதை ஏறுவார் என்று எதிர்பார்க்கும் வரைபடத்தை அப்படியே திருப்பி அனுப்பலாம்.

பேருந்து நிறுத்தம், வாசல், சரக்கு

சைக்கிள் தடம் உள்ள தெருவில் பேருந்து ஓரங்கட்டினால் நிறுத்தத்துக்கு நிறுத்தம் சைக்கிளை நசுக்கும். நிறுத்தத்தை இரண்டரை மீட்டர் அகலத் திட்டாக்கி, சைக்கிள் தடத்தை அதன் பின்னால் கொண்டுபோங்கள். பேருந்து தன் தடத்திலேயே நிற்கும், மறுபடி நுழைய இடம் தேட வேண்டியதில்லை. திட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவே சைக்கிள் தடத்தை மட்டம் உயர்த்தி, ஸீப்ரா கோடு போடுங்கள். கூரையின் தூணும் விளம்பரப் பலகையும் சைக்கிள்காரரின் பார்வையை மறைக்கக் கூடாது. இறங்கி ஓடிவரும் பயணியோடு மோதல் அங்கேதான் நடக்கும்.

வாசல்கள்தான் நடைபாதையைக் கெடுப்பவை. ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் நடைபாதையை வெட்டி இறக்கினால் 100 மீட்டரில் பத்துமுறை ஏறி இறங்க வேண்டும். அதைவிட ரோட்டில் நடப்பதே சுகம் என்று மக்கள் இறங்கிவிடுவார்கள். நடைபாதை ஒரே மட்டத்தில் ஓடட்டும், கார்தான் ஏற வேண்டும். சாய்தளம் கல்லை ஒட்டிய 60 முதல் 90 செ.மீ. பட்டைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். நடைபாதையின் குறுக்குச் சாய்வு 2 சதவீதத்தைத் தாண்டினால் சக்கர நாற்காலி சாலைப் பக்கம் இழுக்கும். கல்லின் உயரம் 150 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. கார் ஏறாமலிருக்க 300 மி.மீ. வைத்தால் பாட்டியும் ஏறமாட்டார்.

சரக்கு வண்டி மறந்துபோகும் விருந்தாளி. இடம் கொடுக்காவிட்டால் சைக்கிள் தடத்தில்தான் நிற்கும். கடைகளில் எத்தனை மணிக்கு எந்த அளவு வண்டி வருகிறது என்று கேட்டு, 50 மீட்டருக்குள் ஓர் இடமாவது, 10 மீட்டர் நீளத்தில், காலை 11 மணிவரை சரக்குக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள்.

டூ-வீலர்கள் சைக்கிள் தடத்தில் நுழைவது இன்னொரு தீராத தலைவலி. சைக்கிள் நுழையும் எந்தச் சந்திலும் டூ-வீலரும் நுழையும். அதைத் தடுக்க வளைந்த கம்பிக் கேட் வைத்தால் சக்கர நாற்காலியும் சரக்குச் சைக்கிளும்தான் தடைபடும். கம்பங்களுக்கு நடுவே 1.2 முதல் 1.5 மீட்டர் விட்டுக் காரை மட்டும் தடுங்கள். டூ-வீலர் ஏன் நுழைகிறது என்று பாருங்கள். யூ-டர்ன் 800 மீட்டர் தள்ளி இருந்தால் எதிர்த்திசையில் வரத்தான் செய்வார்கள். நடுத்திட்டில் திறப்பை அருகில் கொண்டுவருவது, பத்துக் கம்பத்தைவிட அதிகம் பலிக்கும்.

மண்ணுக்குள் இருப்பது

மேடைக் கடப்பு மழைநீரின் வழியை அடைக்கும். மேட்டுப் பக்கத்தில் வடிகால் வாய் வையுங்கள், அல்லது மேடைக்கும் கல்லுக்கும் நடுவே கம்பிமூடி போட்ட வாய்க்கால் விடுங்கள். அந்தக் கம்பி சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், நெடுக இருந்தால் சக்கரம் உள்ளே இறங்கும். மேன்ஹோல் மூடிகள் தளத்திலிருந்து ஐந்து மி.மீ.-க்கு மேல் ஏறியோ இறங்கியோ இருக்கக் கூடாது. முடிந்தால் தடத்துக்குள்ளேயே வராதபடி நகர்த்துங்கள்.

கேபிள்காரர்கள் கட்டாயம் வருவார்கள். ஒவ்வொரு 50 மீட்டருக்கும் குறுக்காக 150 மி.மீ. காலிக் குழாய் நான்கைப் பதித்து, இரு முனையிலும் குழி வைத்து மூடுங்கள். இல்லையென்றால் புதுத் தளம் ஆறு மாதம்கூடத் தாங்காது.

முதலில் பெயின்ட், அப்புறம் கல்

வரைபடத்தை நேராகக் கட்டாமல் பெயின்ட், பிளாஸ்டிக் கம்பம், தண்ணீர் நிரப்பிய தடுப்பு ஆகியவற்றால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். முதல் வாரத்து நெரிசலை வைத்து முடிவெடுக்காதீர்கள், ஓட்டுநர்கள் வேறு வழி பழகவே மூன்று வாரமாவது ஆகும். அதன் பிறகு முன்பு எண்ணிய அதே நாள், அதே மணியில் மறுபடி எண்ணுங்கள்: நூற்றுக்கு 85 வண்டிகள் அடங்கும் வேகம், கடப்பதற்குக் காத்திருக்கும் வினாடி, சைக்கிளில் பெண்களும் பிள்ளைகளும் எத்தனை பேர், நடைபாதையில் ஏறி நின்ற வண்டி எத்தனை. பெண்களும் பிள்ளைகளும் வரவில்லையென்றால் அவர்களுக்கு அந்தத் தடம் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம், மொத்த எண்ணிக்கை கூடியிருந்தாலும். தடுப்புகளில் விழுந்த டயர்த் தடங்களையும் பாருங்கள். எந்த மூலையில் லாரி உரசியிருக்கிறதோ அங்கே ஆரத்தைத் திருத்தலாம், எங்கே ஒரு டயர்த் தடமும் இல்லையோ அங்கே இன்னும் குறுக்கலாம்.

கல் பதித்த பிறகு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: மறுபடி தார் போடும் முன் பழைய அடுக்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 40, 50 மி.மீ. மேலே ஏறினால், 150 மி.மீ. கல் மூன்றே அடுக்கில் சாலையோடு சமமாகிவிடும். மேடைக் கடப்பு தரையோடு தரையாகும், வடிகால் வாய் பள்ளமாகும், கார்கள் நடைபாதையில் ஏறி நிற்கத் தொடங்கும். யாரும் எதையும் மாற்றாமலேயே தெரு பழைய நிலைக்குப் போய்விடும்.